திரைக்குக் கீழே இருக்கும் நிலம்

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டர், 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பட்டது. 2,500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்த அந்தக் கொட்டகையை ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். 1990களில் அது மூடப்பட்டது; நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, பின் இடிக்கப்பட்டது; இன்று அங்கே நிற்பது ஒரு பெரிய துணிக்கடை. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் தியேட்டராகி, அண்மை ஆண்டுகளில் தரைமட்டமானது. அதே 1914இல் சென்னையில் ரகுபதி வெங்கய்யா கட்டிய கெயிட்டி இல்லை. அண்ணா சாலையின் சபையரும் சாந்தியும் இல்லை. அசோக் நகர் உதயம் 2024இல் கடைசிக் காட்சியை ஓட்டி முடித்தது. ஒவ்வொன்று மறையும்போதும் செய்தித்தாள்களில் ஓர் இரங்கல் குறிப்பு வருகிறது. டிவி வந்தது, கேபிள் வந்தது, செல்போன் வந்தது, மக்கள் வருவது நின்றது என்று அதில் காரணம் சொல்லப்படுகிறது. இந்தக் காரணத்தில் பாதிதான் உண்மை. பழைய திரையரங்குகளைப் பார்வையாளர்கள் கைவிட்டதைவிட, அவற்றின் அடியில் இருந்த நிலம் கைவிட்டதுதான் அதிகம். இதை ஒப்புக்கொண்டால்தான் எதை மீட்க வேண்டும், எப்படி மீட்க வேண்டும் என்ற பேச்சுக்கே பொருள் வரும்.

பார்வையாளர் வராமல் போனார் என்ற வாதத்தை முதலில் சோதித்துப் பார்க்கலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியது. எண்பதுகளில் வீடியோ கேசட்டும், 1993இல் சன் டிவியும் வந்தன. இந்த ஒவ்வோர் அலையிலும் சினிமாவுக்குச் சாவுமணி அடித்துவிட்டதாக எழுதப்பட்டது. ஆனால் 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டல் முறையில் துலக்கி 2012இல் மறுபடி வெளியிட்டபோது அது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை வந்த படம் அது. வீட்டில் இலவசமாகப் பார்க்கக்கூடியது. கொரோனாவுக்காக 2020 மார்ச் முதல் நவம்பர் வரை மூடிக்கிடந்த அரங்குகள், பாதி இருக்கைக்கே அனுமதி என்ற நிலையில், 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தபோது நிரம்பின. ‘பொன்னியின் செல்வன்’ 2022இல் வெளியானபோது, பல ஆண்டுகளாகத் தியேட்டர் பக்கமே போகாத முதியவர்கள் பிள்ளைகளோடு போனார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ‘கில்லி’க்கு 2024இல் கூடிய கூட்டம் புதுப்படங்களையே பொறாமைப்பட வைத்தது. நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் ஆசை தமிழர்களுக்குப் போய்விட்டது என்று இதையெல்லாம் பார்த்த பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. ஆயிரம் இருக்கை உள்ள ஓர் அரங்கு தினம் நான்கு காட்சி ஓட்டினால் ஆண்டுக்கு 14,60,000 இருக்கைகளை விற்க வேண்டும். படச்சுருள் காலத்தில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவந்தது. ஒரு பிரதி எடுக்கச் செலவு அதிகம் என்பதால் படம் சில ஊர்களில் சில அரங்குகளில் மட்டுமே வெளியாகும். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் அந்த ஒரு கொட்டகைக்குத்தான் வரவேண்டும். கூட்டம் குறையக் குறையப் படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். முதல் வெளியீட்டு அரங்கில் நூறு நாள், இருபத்தைந்து வாரம் என்று ஓட்டம் நீளும். டிஜிட்டல் முறை வந்ததும் பிரதிக்கான செலவு ஏறக்குறைய மறைந்தது. ஒரே வெள்ளிக்கிழமையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் திறக்கிறது. முதல் மூன்று நாளில் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடிக்கிறார்கள். அடுத்த வாரம் வேறு படம். இந்த ஓட்டத்துக்கு நூறும் இருநூறுமாகப் பிரிந்த பல திரைகள் தோதானவை. ஆயிரம் பேர் உட்காரும் ஒற்றைத் திரை தோதானதல்ல. திங்கள்கிழமை மேட்னிக்கு அறுபது பேருக்காக அத்தனை பெரிய கூடத்தைக் குளிரூட்ட வேண்டியிருக்கிறது. பெரிய அரங்கின் வருமானம் சரிந்ததற்கு முதன்மைக் காரணம் இந்த வெளியீட்டு முறை. ரசனை மாறியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வருமானம் சரிந்த தொழில்கள் எல்லாம் இடிக்கப்படுவதில்லை. நலிந்த ஓட்டல் நலிந்தபடியே ஓடும். நலிந்த அச்சகம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் காலம் தள்ளும். தியேட்டருக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லாமல் போனதற்குக் காரணம் அது நின்ற இடம். முப்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை கட்டப்பட்ட கொட்டகைகள் அநேகமாகப் பேருந்து நிலையத்துக்கோ ரயிலடிக்கோ கடைவீதிக்கோ பக்கத்தில், பெரிய சாலையைப் பார்த்தபடி, சைக்கிள் நிறுத்தவும் கூட்டம் வரிசையில் நிற்கவும் போதுமான காலிமனையோடு அமைந்தன. அன்று ஊரின் ஓரமாக இருந்தது இன்று ஊரின் நடு. அத்தனை பரப்பில் ஒரே கையில் இருக்கும் மனை நகரத்துக்குள் வேறு எங்கும் கிடைக்காது. கட்டியவர் காலமாகி, சொத்து நான்கைந்து வாரிசுகளுக்குப் பாகமாகும்போது, நாலு காட்சி வசூலைப் பங்கு போடுவதைவிட மனையை விற்றுப் பங்கு போடுவது எளிது. இதற்கு மேல் வரியும் உரிமமும் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் புதுப்பிக்க வேண்டும். டிக்கெட் விலைக்கு அரசு விதித்த உச்சவரம்பு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழகத் திரையரங்குகள் சில நாள் கதவையே மூடின. உரிமையாளரை வில்லனாக்கிப் பேசுவதில் பயனில்லை. அவர் செய்வது எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு ஊருக்கு எப்போதும் நன்மையாக முடியும் என்று எண்ணுவதும் தவறு. சபையர் இடிக்கப்பட்ட பிறகு, அண்ணா சாலையின் மதிப்புமிக்க அந்த மனை பல ஆண்டுகள் வெறும் நிலமாகவே கிடந்தது. ஒரு கூடம் போனது. அதற்கு ஈடாக ஊருக்கு எதுவும் வரவில்லை.

நிலம்தான் காரணம் என்பதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று அதே அண்ணா சாலையில் நிற்கிறது. மேஜர் வார்விக் 1913இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், சென்னையில் சினிமாவுக்கென்றே எழுப்பப்பட்ட தொடக்க காலக் கட்டடங்களில் ஒன்று. தொழிலாக அது இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1915இல் அஞ்சல் துறை அதை வாங்கியது. இன்று தபால்தலை சேகரிப்போருக்கான நிலையம் அதில் இயங்குகிறது. அதைச் சுற்றி அதற்குப் பின்னால் வந்த கெயிட்டியும் வெலிங்டனும் குளோபும் எல்லாம் அழிந்தன; ஆனால் வியாபாரத்தில் முதலில் தோற்ற இந்தச் சின்னக் கொட்டகை நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. அது சந்தையிலிருந்து விலகி ஒரு பொது நிறுவனத்தின் கைக்குப் போனது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. சென்னையில் தொடக்க காலச் சலனப்படக் காட்சிகள் நடந்த விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கும் இதே கதைதான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட அந்த மண்டபம் பல காலம் கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. ஆனால் மனை மாநகராட்சிக்குச் சொந்தம் என்பதால் யாரும் விற்றுவிட முடியவில்லை, பாழடைந்தாலும் இருந்தது, இருந்ததால்தான் மாநகராட்சி அதை மீட்கும் பணியை எடுத்துக்கொள்ள முடிந்தது. தனியார் மனையாக இருந்திருந்தால் மீட்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

வெளியூர் உதாரணங்களை ஆராய்ந்தாலும் இதே உண்மைதான் தெரிகிறது. பிரான்ஸின் லா சியோத்தா என்ற சிறு துறைமுக ஊரில், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் குடும்பத்தின் வீடு இருந்த ஊரில், 1889இல் கட்டப்பட்ட ஈடன் அரங்கு இருக்கிறது. 1899இலேயே அங்கே கட்டணக் காட்சிகள் நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் மூடப்பட்ட அதை நகராட்சி வாங்கி வைத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2013இல் மறுபடி திறந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1929இல் எழுந்த கிங்ஸ் தியேட்டர் 1977இல் மூடப்பட்டது. வரிப்பாக்கி காரணமாக அது நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒழுகிக்கொண்டும் உதிர்ந்துகொண்டும் கிடந்து, ஏறக்குறைய 9.5 கோடி டாலர் செலவில் சீராக்கப்பட்டு 2015இல் திறக்கப்பட்டது. அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டர் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1970களில் ஒரு தொலைபேசி நிறுவனம் அதை இடித்துத் தலைமை அலுவலகம் கட்ட முனைந்தது. ஊர் மக்கள் ஒரு லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மேயர் இடிப்பு அனுமதியைத் தள்ளிப்போட்டார். பக்கத்து மனைகளை நிறுவனத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்து, அரங்கை மட்டும் 1975இல் அந்த அமைப்பு வாங்கியது; கடனையும் மூன்றே ஆண்டில் அடைத்தது. நிறுவனத்துக்குக் கோபுரம் கிடைத்தது; ஊருக்குக் கொட்டகை கிடைத்தது. இந்த மூன்று ஊர்களுக்கும் ஆட்சிமுறை வேறு, பணவசதி வேறு. மூன்றிலும் பொதுவாக நடந்தது ஒன்றுதான்: கூடத்தின் விதியை மனையின் விலையிலிருந்து யாரோ ஒருவர் பிரித்தெடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். எதற்காக இந்தக் கூடங்களைக் காப்பாற்ற வேண்டும்? அவை என்ன சமத்துவக் கோயில்களா? தரை டிக்கெட், பெஞ்ச், சேர், பால்கனி, பாக்ஸ் என்று காசுக்கேற்ற அடுக்குகள் அவற்றில் இருந்தன. பெண்களுக்குத் தடுப்பு போட்டுத் தனி இடம் இருந்தது. மூட்டைப்பூச்சியும் நாற்றம் பிடித்த கழிப்பறையும், கவுண்டர் சந்தில் போலீஸ் தடியடியும் இருந்தன. இவற்றை மறந்துவிட்டு ஏக்கம் பாடுவது நேர்மையா? நேர்மையல்ல. ஆனால் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவின் அரசியல் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டிய உண்மையை இந்த ஆட்சேபம் மறுக்க முடியாது. கோயில் பிராகாரத்திலும் சபா கச்சேரியிலும் பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்கிய ஒரு சமூகத்தில், எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்புக்குப் பதிலாகக் கையிலிருந்த காசு தீர்மானித்தது. அதிலும் அநீதி உண்டு. ஆனால் இன்று தரையில் உட்கார்ந்தவர் நாளை கூலி வாங்கியதும் பெஞ்சுக்குப் போகலாம். கிராமக் கொட்டகைகளில் சாதியின் நிழல் முழுதாக விலகவில்லை என்பதும் உண்மை. விலக வேண்டும் என்ற எதிர்பார்ப்பையாவது அந்தக் கூடம் உருவாக்கியது. 2023இல் சென்னையின் ஓர் அரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் சமூகத்தினரைப் பணியாளர்கள் வாசலில் தடுத்த காட்சி வெளியானபோது தமிழகம் முழுவதும் கொதித்தது. டிக்கெட் வாங்கியவருக்கு உள்ளே இடம் உண்டு என்பது தமிழர் மனத்தில் உரிமையாகப் பதிந்திருந்ததால்தான் அந்தக் கொதிப்பு. அந்த உரிமையை நமக்குப் பழக்கியவை இந்தக் கொட்டகைகள்.

மானிடவியலாளர் சாரா டிக்கி 1980களில் மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகள் சினிமாவை எப்படித் தம் வாழ்வில் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதிய நூல் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. அவர்களுக்குத் திரையரங்கு கதை பார்க்கும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. வெயிலுக்கும் ஒண்டுக்குடித்தன நெருக்கடிக்கும் அப்பால் மூன்று மணிநேரம் கைகாலை நீட்டி உட்காரும் இடமாகவும், ரசிகர் மன்றம் மூலம் பொதுவாழ்வுக்குள் கால்வைக்கும் இடமாகவும் இருந்தது. வணிக வளாகத்தின் நான்காம் மாடியில் இருக்கும் இன்றைய மல்டிபிளெக்ஸ் வசதியானது, சுத்தமானது, பெண்களுக்குப் பாதுகாப்பானது. இந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் காவலாளி, நகரும் படிக்கட்டு, வாகன நிறுத்தக் கட்டணம், டிக்கெட்டைவிட விலை கூடிய சோளப்பொரி என்று ஒவ்வொரு கட்டமாக ஆட்கள் வடிகட்டப்படுகிறார்கள். எல்லா இருக்கைக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்பது சமத்துவம் போலத் தோன்றும். கீழ்த்தட்டு டிக்கெட் ஒழிந்துபோனது என்பதே அதன் நடைமுறைப் பொருள். எனவே பழைய அரங்கை மீட்பது என்றால் அதன் அழுக்கையும் தடுப்பையும் மீட்பதல்ல. ஊரின் எல்லாத் தரப்பும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே திசையைப் பார்த்து அமரும் பெரிய கூடத்தை, குறைந்த கட்டணத்தில், மறுபடி ஊருக்குக் கொடுப்பது.

இந்த அளவுகோலை வைத்துத்தான் மீட்பு முயற்சிகளை எடைபோட வேண்டும். மும்பை சர்ச்கேட் எதிரே 1938இல் திறக்கப்பட்ட ஈராஸ் அரங்கு, 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியின் பகுதி. சில ஆண்டுகள் மூடிக்கிடந்து 2024இல் மறுபடி திறந்தது. சிவப்புக் கல்லும் வெளிர் நிறமுமான அதன் முகப்பு பொலிவோடு நிற்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனால் ஆயிரத்துக்கு மேல் இருந்த இருக்கைகள் இன்று சுமார் 300. மீதிப் பரப்பின் பெரும்பகுதி கடைக்குப் போயிருக்கிறது. இடிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் முகப்பைக் காப்பது பாதி வேலை. நம் ஊர்க் கொட்டகைகளில் பலவற்றுக்கு முகப்பு அழகு என்று சொல்ல அதிகம் கிடையாது. அவற்றின் அருமை உள்ளே இருக்கிறது. இருபது இருபத்தைந்து மீட்டர் அகலத்தை நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் தாண்டும் இரும்புச் சட்டங்கள், கடைசி வரிசைக்கும் தலை மறைக்காதபடி சரிந்து இறங்கும் தரை, தூணின்றி முன்னே நீளும் பால்கனி. பால்கனிக்குப் பின்னால் இருக்கும் ஆபரேட்டர் அறை ஊரின் பொறியியல் வரலாற்றுக்கு ஒரு காட்சிசாலை. நைட்ரேட் படச்சுருள் தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் கட்டியதால் அதன் சுவர் தடித்தது, கதவு இரும்பு. ஒளி வெளியேறும் சின்னச் சாளரத்தின் மேலே, தீ கண்டால் விழுந்து மூடும் இரும்புத் தகடு. உள்ளே இரண்டு புரொஜக்டர்கள். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே எழும் சுடர்தான் ஒளி. குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியை ஒரே அளவில் வைத்திருப்பது ஆபரேட்டர் கையில் இருந்தது. இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் இருபத்திரண்டு நிமிடத்தில் ஓடி முடியும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னியதும் அடுத்த எந்திரத்தின் மோட்டாரை ஓடவிட்டு, இரண்டாவது வட்டத்தில் ஒளியை மாற்றுவார். ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாமல் அது நடந்து முடிவதுதான் அவருடைய தேர்ச்சி.

இதைப் போன்ற கட்டடம் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், மீட்பதற்குக் கோடிகள் வேண்டும் என்ற மலைப்பு கொஞ்சம் குறையும். அது முதலில் சாவது கூரையில். அரங்கு மூடிய அடுத்த மழைக்காலத்தில், இரண்டு சரிவுகள் சேரும் வாய்க்காலில் சருகு அடைக்கிறது. தேங்கிய நீர் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் ஆணித்துளை வழியாக இறங்கிப் பொய்க்கூரையை ஊறவைக்கிறது. அங்கிருந்து எதிரொலியைத் தடுக்கச் சுவரில் பதித்த பலகைக்கு ஈரம் போகிறது. ஈரத்தைத் தேடிக் கறையான் வருகிறது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதால் காற்றோட்டம் இல்லை. புறா கூடு கட்டுகிறது, எச்சத்தின் அமிலம் இரும்பை அரிக்கிறது. ஐந்தாறு மழைக்காலம் இப்படியே போனால், ‘அபாயகரமான கட்டடம்’ என்று நோட்டீஸ் ஒட்டுவதற்குத் தகுந்த காரணம் கிடைத்துவிடும். ஆகவே மீட்பின் வரிசை கூரை, வடிகால், மின்கம்பி, தீத்தடுப்பு, அவசர வழிகள், கழிப்பறை என்றுதான் வரவேண்டும். இருக்கையும் விளக்கும் பிறகு. மூடிய முதல் ஆண்டிலேயே கூரையைக் காத்தால் மீட்புக்கு ஆகும் செலவு வேறு. முப்பது ஆண்டு கழித்துத் தொடங்கினால் ஆகும் செலவு வேறு. புரூக்ளினில் செலவான தொகை, கலைக்கான செலவு மட்டுமல்ல, தாமதத்துக்கான தண்டமும்கூட. நாம் அந்தத் தண்டத்தைக் கட்டத் தேவையில்லை.

சரி, மீட்டபின் எதை ஓட்டிப் பிழைப்பது? வெளியீட்டு முறை மாறியதால் பெரிய கூடம் புதுப்படத்தை மட்டும் நம்பி வாழ முடியாது என்று மேலே சொன்னதே என் வாதத்துக்கு எதிராகத் திரும்பாதா? திரும்பாது, பழைய வரலாறே அதற்கு விடை. மௌனப்பட காலத்தில் நம் கொட்டகைகளில் படத்துக்கு முன்னும் நடுவிலும் நடனம், மல்யுத்தம், மாயாஜாலம் எல்லாம் நடந்தன. பேசும்படம் வந்த பிறகும் பல அரங்குகளில் திரைக்கு முன் மேடை இருந்தது. நாடகக் குழுக்கள் வாடகைக்கு எடுத்தன. சினிமா மட்டும் என்று சுருங்கியது பிந்திய பழக்கம். வார இறுதியில் புதுப்படம், வார நாளில் துலக்கப்பட்ட பழைய படம், காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கான காட்சி, மாதத்தில் சில நாள் கூத்து, நாடகம், கச்சேரி, புத்தக வெளியீடு என்று ஒரே கூடம் இயங்க முடியும். கல்கத்தாவில் மாநில அரசு அமைத்த நந்தன் வளாகம் 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நாள் முதல், குறைந்த கட்டணத்தில் நல்ல படம் பார்க்கும் பழக்கத்தைத் தலைமுறைகளுக்கு ஊட்டிவருகிறது. பக்கத்துக் கேரளத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளை நடத்துகிறது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் காட்சிகள் அவற்றிலும் நடக்கின்றன. தமிழ்ச் சினிமாவின் அளவுக்கும் செல்வத்துக்கும் ஈடான ஒரு பொது அரங்கு தமிழ்நாட்டில் இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது; அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. படங்களைத் தொலைத்தோம், இப்போது அவற்றைப் பார்த்த கூடங்களையும் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். மிஞ்சிய பழைய படங்களை முறையாகத் திரையிட ஓர் இடம் இருந்தால், அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற அக்கறையும் தானாக வலுப்படும்.

மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் காத்திருக்கும்போது சினிமாக் கொட்டகைக்கு அரசுப் பணமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் நான் முன்வைக்கும் வழிக்குக் கருவூலத்திலிருந்து பெரும்பணம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு மனையில் சட்டம் எத்தனை சதுர அடி கட்ட அனுமதிக்கிறதோ, அதில் கூடம் பயன்படுத்தாமல் விட்ட மீதியை உரிமையாளர் வேறு இடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ அனுமதிப்பது உலகம் அறிந்த நடைமுறை. மும்பை தன் நகர்ப்புற மரபுக் கட்டடங்களுக்கு 1995இலேயே தனி ஒழுங்குமுறையைக் கொண்டுவந்து இந்த ஈட்டையும் அதில் சேர்த்தது. தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமல் பல ஆண்டு கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பும் அதையொட்டிய பட்டியலும் சில நூறு கட்டடங்களுக்கு ஒரு கவசம் கொடுத்தன. ஆனால் மரபு என்றாலே கவர்னர் பங்களாவும் நீதிமன்றமும் தேவாலயமும்தான் என்ற எண்ணம் மாறவில்லை. கூலிக்காரரும் மாணவரும் பெண்களும் லட்சக்கணக்கில் கூடிய இடம் மரபாகாது, வெள்ளை அதிகாரி குடியிருந்த வீடுதான் மரபாகும் என்றால் நம் அளவுகோலில்தான் கோளாறு. உரிமையாளருக்கு ஈடு கொடுக்காமல் இடிக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டால் அவர் கூரையை ஒழுகவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்வார். ஈட்டோடு சேர்ந்த தடைதான் பலிக்கும்.

அரசு கையில் எடுத்தால் அதுவும் ஒரு பூட்டிய கட்டடமாகிவிடும், கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போகும் என்று சலிப்போடு சொல்பவர்கள் உண்டு. அனுபவத்தில் விளைந்த சலிப்பு அது. ஆதலால் அதைத் தள்ளிவிடக் கூடாது. மனையின் உரிமையும் அரங்கின் நிர்வாகமும் ஒரே கையில் இருக்கத் தேவையில்லை என்பதே அதற்குப் பதில். மனை உள்ளாட்சியின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கட்டும். விற்க முடியாது, கூடத்தைப் பிரிக்க முடியாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்படட்டும். நடத்தும் பொறுப்பைத் தொழில் தெரிந்த தியேட்டர்காரருக்கே குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். கீழ்த்தட்டுக் கட்டணம், பழைய படங்களுக்கான நாட்கள், உள்ளூர்க் கலைக்கான நாட்கள் ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அட்லாண்டாவில் ஊர் அமைப்பு செய்ததும், லா சியோத்தாவில் நகராட்சியும் சங்கமும் சேர்ந்து செய்ததும் இதே பிரிவினையின் வெவ்வேறு வடிவங்கள். உரிமையாளர் குடும்பமே தொடர்ந்து நடத்த விரும்பினால் இன்னும் நல்லது. 1941 முதல் இன்றுவரை படம் ஓட்டும் சென்னை கேசினோ போன்ற அரங்குகளுக்கு வேண்டியது கையகப்படுத்தல் அல்ல, வரிச்சலுகையும் கூரைக்கு எளிய கடனும்.

எல்லாக் கொட்டகைகளையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஊருக்கு ஏழு தியேட்டர் இருந்த காலத்தின் தேவை வேறு. மாவட்டத்துக்கு ஒன்று, பெரிய நகரமானால் இரண்டு, அவ்வளவு போதும். எதைத் தேர்வது என்பதற்கு வயதும் முகப்பழகும் மட்டும் அளவாகக் கூடாது. கூடத்தின் பரப்பு, பேருந்தில் வந்து சேரும் வசதி, மேடை, இரும்புச் சட்டத்தின் உறுதி, ஊரின் பொதுவாழ்வில் அதற்கு இருந்த இடம் ஆகியவையும் அளவாக வேண்டும். இந்தப் பட்டியலைத் தயாரிக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்: தியடோர் பாஸ்கரனின் வழியில் வந்த சினிமா வரலாற்றாளர்கள், கட்டடக்கலைக் கல்லூரிகள், ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள், தியேட்டர் உரிமையாளர் சங்கங்கள். இல்லாதது அவகாசம். வாரிசுகளின் பாகப்பிரிவினை முடிந்து, முன்பணம் கைமாறி, இடிப்பு எந்திரம் வாசலில் வந்து நின்றபிறகு எழும் குரல் இரங்கல் குறிப்பாகவே முடியும். மூடாத அரங்குகளைப் பற்றி, அவை மூடுவதற்கு முன்பே, மாவட்டம்தோறும் முடிவெடுக்க வேண்டும். திரையின் அளவு மாறும், ஒளியின் மூலம் மாறும், படம் பார்க்கும் கருவி இன்னும் பத்து முறை மாறும். ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் சேர்ந்து அமர ஊர் நடுவில் ஒரு கூடம் வேண்டும் என்ற தேவை மாறாது. அந்த மனையை ஒருமுறை விற்றுவிட்டால், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அந்த ஊர் அதைத் திரும்ப வாங்க முடியாது.